ராத்திரி பத்துக்கு மேல் எத்தனை பேர்? கும்பகோணம் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பு: விமர்சனம்

கும்பகோணத்திலிருந்து அரை மணி நேர ஓட்டம். இருபோகம் விளைந்த வயலை மனையாக்கிக் கட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் திண்ணை வைத்த வரிசை வீடுகள், அவை விலைக்கு. பின்பக்கம் மூன்று தளக் கட்டடம். எழுந்து நடக்க, குளிக்க, மாத்திரை போட ஒரு கை உதவி தேவைப்படுகிறவர்களுக்கு. இங்கே டெபாசிட் லட்சக் கணக்கில், அதற்கு மேல் மாதம் ஒருவருக்கு முப்பதாயிரத்தை ஒட்டி. பணம் கட்டுவது பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் பிள்ளைகள். இந்த விமர்சனம் பின்பக்கக் கட்டடத்தைப் பற்றியது. பெயர் எழுதவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து மயிலாடுதுறை வரை இந்த மாதிரி எந்த இடத்துக்குப் போனாலும் பார்க்க வேண்டியவை இவைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். காலை ஐந்தரைக்குப் பித்தளை டபராவில் காபி வந்துவிடுகிறது. பதினொன்றுக்குச் சாப்பாடு, ராத்திரி ஏழுக்குள் டிபன். சர்க்கரைக்காரர்களுக்குத் தனி சமையல். பல் இல்லாதவர்களுக்குக் குழைவாக வடித்த சாதம், கேட்காமலே வருகிறது. பிரதோஷத்துக்குக் கோயில் வண்டி. வாரம் இரண்டு நாள் டாக்டர், மூன்று நாள் பிசியோதெரபி. நுழைவாயில் சாய்தளம் 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்ற கணக்கில் சரியாக இருக்கிறது, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு. ரசத்தில் உப்பு கூட என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு 5க்கு நாலரை போட்டுவிட்டு மேலே போகலாம்.

இந்த இடங்களைச் சுற்றிக் காட்டுவது எப்போதும் காலை பத்து மணிக்கு. கூடத்தில் விஷ்ணு சகஸ்ரநாமம் ஓடும், பணிப்பெண்கள் சீருடையில் நிற்பார்கள், வெளிச்சம் நிறைந்திருக்கும். ஆனால் அந்த முப்பதாயிரத்தில் பெரிய பங்கு ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்து வரைக்குமானது. அந்த ஏழு மணி நேரத்தை யாரும் காட்டுவதில்லை.

பாத்ரூம்

வயதானவர்கள் விழும் இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

கதவு இரண்டரை அடி. நிலையும் கதவின் தடிமனும் போக நிகர வழி 27 அங்குலம் தேறுகிறது. சாதாரண சக்கர நாற்காலி 25, 26 அங்குலம். நேராகத் தள்ளினால் போகும். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தள்ளுகிறவரின் விரல் நிலையில் நசுங்கும். மூன்றடிக் கதவு போட்டிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தப்பு, கதவு உள்பக்கம் திறக்கிறது. ஆறடிக்கு ஐந்தடி பாத்ரூமில் ஒருவர் மயங்கி விழுந்தால் உடம்பு கதவை அடைத்துக்கொண்டுதான் கிடக்கும். வெளியிலிருந்து தள்ளத் தள்ள அவர்மேலேயே இடிக்கும். கூடவே உள்ளே ஒரு நீளத் தாழ்ப்பாள். இதைப் போட்டுவிட்டு விழுந்தவரை வெளியே எடுக்கக் கடப்பாரைதான் வேண்டும்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. கீலை மாற்றி, நிலையின் காடியை மறுபக்கம் எடுத்துக் கதவை வெளிப்பக்கம் திறக்க வைக்கலாம்; ஒரு தச்சருக்கு ஒரு கதவு அரை நாள் வேலை. தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பினால் திறக்கும் பாத்ரூம் லாக் போடலாம். கதவு மாற்றும் வரைக்கும் இந்த லாக் ஒன்றாவது வேண்டும்.

கைப்பிடிக் கம்பி எல்லா அறையிலும் இருக்கிறது, பளபளவென்று. கம்பியின் விட்டம் ஒன்றேகால் அங்குலம், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி, அளவு சரி. (இடைவெளி அதிகமானால் கை வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டி எலும்பு முறியும்.) சிக்கல் சுவரில். மேல்தளச் சுவர்கள் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான சிமென்ட் கல். எடை குறைவு, சூடு இறங்காது, கட்டச் சுலபம். ஆனால் பிளாஸ்டிக் கட்டையை அடித்து ஸ்குரு முறுக்கினால் பிடிக்காது. உள்ளே பொடிப் பொடியாக நொறுங்கி ஓட்டை பெரிதாகிவிடும். இரண்டாம் தளத்தில் ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பு எடையைக் கொடுத்தபோது, சுவரோடு ஒட்டிய வட்டத் தகடு ஒரு நூல் அளவு வெளியே வந்து, டைல் ஓரத்தில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. எழுந்திருக்கும்போது ஒருவர் மொத்த எடையையும் அதில்தான் போடுவார். கெமிக்கல் ஆங்கர் (இறுகிக் கெட்டியாகும் பசை) ஊற்றிப் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரை ஊடுருவிப் போல்ட் போட்டு மறுபக்கம் தகடு கொடுக்க வேண்டும். அறை பார்க்கப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கம்பியில் தொங்கிப் பாருங்கள். கூடவே டவல் ராடையும் பாருங்கள். அது கோணலாக இருந்தால் முன்பு இருந்தவர் அதைத்தான் பிடித்து எழுந்திருக்கிறார், கைப்பிடி தப்பான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

கழிப்பறைப் பீங்கானின் உயரம் 16 அங்குலம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு 18, 19 வேண்டும். மேலே பொருத்தும் உயரக்கூட்டி போட்டால் போதும். கீசரில் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகிறது. வயதான தோல் அந்தச் சூட்டில் சில நொடியில் வெந்துவிடும். 45லிருந்து 48க்குள் வைத்துத் திருகைப் பூட்டிவிட வேண்டும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறது. நல்லது. தரை டைல் காய்ந்திருக்கும்போது சொரசொரப்புதான். சோப்புத் தண்ணீரைக் கொட்டி வெறுங்காலால் தேய்த்தால் வழுக்குகிறது.

இப்போது அந்தச் சிவப்புக் கயிறு. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு அழைப்புப் பொத்தான், பாத்ரூமில் இழுத்தால் மணியடிக்கும் சிவப்புக் கயிறு. விளம்பரப் படத்திலும் இது உண்டு. கயிறு தரைக்கு நாலு அங்குலம் வரை தொங்க வேண்டும், ஏனென்றால் அதை இழுக்கப்போகிறவர் தரையில்தான் கிடப்பார். பார்த்த ஒன்பது அறையில் ஆறில் கயிறு மடித்து, முழங்கை உயரத்தில் டவல் ராடில் முடிச்சுப் போட்டிருந்தது. "தொடைக்கும்போது மாப்புல சிக்கிக்குதுங்க, அதான் சுத்தி வச்சிருக்கோம்" என்றார் துப்புரவுப் பணிப்பெண். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கயிறு எதற்கு என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. இன்னொரு கோளாறு: கயிற்றை இழுத்தால் வரவேற்பறைப் பலகையில் விளக்கு எரிகிறது, அங்கேயே உட்கார்ந்தபடி அதை அணைத்துவிடவும் முடிகிறது. அணைக்கும் பொத்தான் அந்தந்த அறையில் மட்டும் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆள் நேரில் போயாக வேண்டும்.

ராத்திரிக் கணக்கு

36 பேர் இருக்கிறார்கள். பகலில் அவர்களுக்குப் பதினொரு பேர். ராத்திரி எட்டுக்கு மேல் ஒரு நர்ஸ், ஒரு அட்டெண்டர், கேட்டில் ஒரு வாட்ச்மேன்.

இது போதுமா என்று கேட்டால் நிர்வாகம் "எல்லாரும் தூங்கிடுவாங்க சார்" என்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படுத்த படுக்கையாக ஆறு பேர். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று ஒரு ராத்திரிக்கு நாலு முறை. ஆறு பேருக்கு 24 முறை. ஈரத்துணி மாற்றி, முதுகு பார்த்து, தலையணை அண்டை கொடுக்க ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். மொத்தம் நாலு மணி நேரம், அதுவும் இரண்டு பேராக. ஆக ஏழு மணி நேரத்தில் நாலு மணி நேரம், மீதி முப்பது பேருக்கும் ஆளே இல்லை. இல்லாவிட்டால் புரட்டுவது நடக்கவில்லை. இரண்டில் ஒன்றுதான். எது என்று தெரிய, படுத்திருப்பவரின் குதிகாலையும் வால் எலும்பையும் பாருங்கள். சிவப்புத் திட்டு இருந்து, விரலால் அழுத்தி எடுத்த பிறகும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது.

தூங்குகிறவர்களும் எழுந்திருப்பார்கள். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் தண்ணி மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கும். சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். விழுவது அப்போதுதான். டாக்டரைக் கேட்டு அந்த மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொண்டாலே பாதித் தொல்லை குறையும். மருந்து அட்டவணையை வாங்கிப் பாருங்கள்: நேரம், அளவு, கொடுத்தவர் கையெழுத்து. இங்கே ஒரு வாரத்துக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தது. ஒரே மூச்சில் போட்டதுதான்.

ராத்திரி சர்க்கரை இறங்குவது இன்னொன்று. 70க்குக் கீழே போனால், நினைவு இருந்து விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நர்ஸுக்கு இது தெரிந்திருந்தது, அட்டெண்டருக்குத் தெரியவில்லை. நர்ஸ் மேல்தளத்தில் இருக்கும்போது கீழே இருப்பவர் அட்டெண்டர்தான்.

பணியாளர் வருகைப் பதிவேட்டைக் கேட்கும்போது தேதியை நீங்கள் சொல்லுங்கள்: போன தீபாவளி ராத்திரி, பொங்கலுக்கு மறுநாள், ஒரு ஞாயிறு, ஒரு சாதாரண புதன். பண்டிகை ராத்திரியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் அந்த இடத்தின் உண்மையான பணியாளர் எண்ணிக்கை.

கேட், லிஃப்ட், தீ

ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டுக்கு முன்னால் கொலாப்சிபிள் கேட். மறதி நோய்க்காரர்கள் இறங்கிப் போய்விடாமல் இருக்க ராத்திரி பூட்டுகிறார்கள். சாவி வாட்ச்மேன் இடுப்பில். வாட்ச்மேன் மெயின் கேட்டில், கட்டடத்திலிருந்து நூறு அடி தள்ளி.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் செத்தார்கள். 2004 ஜூலை 16இல் இதே கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள். இந்த ஊர்க்காரர்களுக்குப் பூட்டிய கேட்டைப் பற்றியும் ஒற்றைப் படிக்கட்டைப் பற்றியும் விளக்க வேண்டியதில்லை. கேட் கட்டாயம் வேண்டுமென்றால், கரண்ட் போனாலோ தீ மணி அடித்தாலோ தானே விடுபடும் காந்தப் பூட்டு போடலாம். அதுவரை ஒவ்வொரு தளத்திலும் பணியில் இருப்பவர் கழுத்தில் ஒரு சாவி தொங்க வேண்டும்.

லிஃப்ட் ஆறு பேர், 408 கிலோ. ஸ்ட்ரெச்சர் நுழையாது. நாற்காலியில் உட்கார வைத்து இறக்குகிறார்கள்; இடுப்பெலும்பு முறிந்தவரை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. லிஃப்டை இனி மாற்ற முடியாது. படுக்கை நோயாளிகளைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவர முடியும், செலவே இல்லாமல். இப்போது அவர்கள் இரண்டாம் தளத்தில் இருக்கிறார்கள், தரைத்தள அறைகளுக்கு வாடகை கூட என்பதால்.

தீயணைப்பான் முள் பச்சையில் இருக்கிறது. புகை உணரி நடைபாதையில் மட்டும். தீ தொடங்கப்போவது அறைக்குள்: சாமி விளக்கு, கற்பூரம், கொசுவர்த்தி, பக்கத்திலேயே ஆக்சிஜன் கருவி. விளக்கேற்றாதே என்று பாட்டிகளிடம் சொல்ல முடியாது, சொன்னாலும் கேட்க மாட்டார்கள். தரைத்தளத்தில் பொதுவாக ஒரு பூஜை அறை, அறைகளுக்குள் பேட்டரி விளக்கு என்று பேசி முடித்த இடங்களில் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

ஆறும் புயலும்

டெல்டாவுக்கே உரிய சிக்கல்கள் இவை; சென்னைக் கம்பெனிகளின் பட்டியலில் இவை இருக்காது.

வளாகத்துக்குப் பின்னால் ஒரு பாசன வாய்க்கால். மே மாதம் வந்து பார்க்கிறவர்களுக்கு அது புல் முளைத்த பள்ளம். ஜூன் 12 மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, தண்ணீர் வந்துவிட்டால் இடுப்பளவு ஓட்டம். மறதி நோய்க்காரர் வீட்டைத் தேடிக் கிளம்பினால் போவது அந்தப் பக்கம்தான், ஏனென்றால் அங்கே கம்பிவேலி நாலடி. ஆறடி வேண்டும். அறையை ஐப்பசி மழையில் ஒரு முறை வந்து பாருங்கள். முடியாவிட்டால் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளை அடித்திருந்தால் பம்ப் அறையின் உள்சுவரைப் பாருங்கள், அதற்கு யாரும் வெள்ளை அடிப்பதில்லை.

வயல் களிமண் கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். தரைத்தள நடைபாதையில் டைல்கள் அங்கங்கே கால் அங்குலம், அரை அங்குலம் தூக்கி நிற்கின்றன. காலை உரசி நடப்பவர்களுக்கு அது போதும் விழ. வயல் என்றால் பாம்பும் உண்டு. கட்டுவிரியன் ராத்திரியில் உலவும், கடித்த வலிகூடப் பல நேரம் தெரியாது. கதவடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுவது, வெளி விளக்கு. இங்கே மூன்றும் இருக்கின்றன. பாராட்ட வேண்டும்.

2018 நவம்பர் 16 கஜா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். திருவாரூர், நாகை, பட்டுக்கோட்டைப் பக்கம் பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக் கணக்கானது. இங்கே 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இருக்கிறது. முக்கால் லோடில் மணிக்கு ஏறக்குறைய 5 லிட்டர் டீசல் குடிக்கும். நாலு நாளுக்கு 480 லிட்டர். கையிருப்பு இரண்டு கேன், 70 லிட்டர். பதினாலு மணி நேரம். அதிலும் ஜெனரேட்டர் லைன் பொது விளக்குக்கும் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டுமே. அறைப் பிளக்குக்குப் போகவில்லை. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், காற்று மெத்தை, இன்சுலின் வைக்கும் பிரிட்ஜ் எல்லாம் அறைப் பிளக்கில்தான். ஆக்சிஜன் தேவைப்படுகிறவருக்கு ஒரு பி டைப் சிலிண்டர் மாற்றாக நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் வரை வரும். சாவியும் ரெகுலேட்டரும் சிலிண்டரிலேயே கட்டியிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2017 செப்டம்பரில் இர்மா புயலுக்குப் பிறகு ஒரு நர்சிங் ஹோமில் ஏ.சி. நின்றுபோய், வெக்கையில் 12 முதியவர்கள் இறந்தார்கள். மறு ஆண்டே அங்கே சட்டம் வந்தது: நர்சிங் ஹோம்களில் நாலு நாளைக்கு அறை வெப்பம் 27 டிகிரிக்கு மேல் போகாமல் காக்கும் ஜெனரேட்டர் கட்டாயம். நம்மிடம் கேட்பது ஏ.சி. கூட இல்லை, ஒரு பிளக்.

ஆஸ்பத்திரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள். அதற்கு முன் சி.டி. ஸ்கேன். எந்த நோய்க்குக் கும்பகோணம் அரசு மருத்துவமனை, எதற்கு நேரே தஞ்சை மருத்துவக் கல்லூரி என்பதை முன்கூட்டியே எழுதி நர்ஸ் மேசையில் ஒட்டியிருக்க வேண்டும். விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் இடுப்பு முறிவு; காலை வரை வைத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும். இங்கே மேசையில் ஒட்டியிருப்பது மெனு.

யார் வருகிறார்கள், என்ன காணாமல் போகிறது

வரவேற்பில் வருகைப் பதிவேடு இருக்கிறது. உறவினர்கள் எழுதுகிறார்கள். பிளம்பர், கேபிள்காரர், மருந்துக்கடைப் பையன், ஏஜென்சி அனுப்பும் மாற்று அட்டெண்டர் எழுதுவதில்லை.

டெக்சாஸில் டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் 2016க்கும் 2018க்கும் நடுவே முதியோர் குடியிருப்புகளில் வரிசையாக மரணங்கள். வயதானவர்கள்தானே என்று இயற்கை மரணமாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். மோதிரமும் சங்கிலியும் காணோம் என்று பிள்ளைகள் சொன்னது எடுபடவில்லை. பராமரிப்பு வேலைக்கு வந்தவன்போல நுழைந்த ஒருவன் தலையணையால் அமுக்கிக் கொன்றது, ஒரு மூதாட்டி உயிர்பிழைத்த பிறகுதான் வெளியே வந்தது. அவன் மேல் 22 கொலைக் குற்றச்சாட்டுகள். அந்தக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து சட்டம் கேட்டன: குடியிருப்புக்குள் நடக்கும் குற்றத்தை மற்ற குடியிருப்பாளர்களுக்குச் சொல்ல வேண்டும், பழைய தங்கம் வாங்கும் கடைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று. மரணச் சான்றிதழில் காரணம் மாற்றப்பட்டால் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை வாங்கியும் விட்டன.

இதைப் படித்துவிட்டு யாரும் கிலி பிடித்து அம்மாவைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். தங்க விஷயத்தை மட்டும் கவனியுங்கள். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்ல முடியாது; மற்றதை எடை போட்டு, போட்டோ எடுத்து, இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட பட்டியலாக வையுங்கள். பணியாளர்களுக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்பு இருக்கிறது. அந்தச் சான்றை ஏஜென்சி ஆட்களுக்கும் கேளுங்கள். நடைபாதைக் கேமரா பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று கேளுங்கள். இங்கே ஏழு நாள். முப்பது நாளாவது வேண்டும், ஏனென்றால் வளையல் காணோம் என்பது அடுத்த மாதம் மகள் வரும்போதுதான் தெரியும்.

சட்டம் எங்கே நிற்கிறது

2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் முக்கியமாகப் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறது. ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் இல்லம் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. காசு வாங்கிக்கொண்டு நடத்தும் குடியிருப்பில் ராத்திரி எத்தனை பேர் வேண்டும் என்று அதில் தேடினால் கிடைக்காது. இல்லங்களைப் பதிவு செய்வது, குறைந்தபட்சத் தரம் வகுப்பது எல்லாம் 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதாவில் இருந்தன. நாடாளுமன்ற நிலைக்குழு வரை போய்வந்த அந்த மசோதா, 2024இல் 17ஆவது மக்களவையோடு காலாவதியானது. 2019இலேயே மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி நெறிமுறை வெளியிட்டது. கட்டுகிறவர், சேவை நடத்துகிறவர், வாங்குகிறவர் மூவரும் சேர்ந்த ஒப்பந்தம் என்பது அதில் நல்ல யோசனை. ஆனால் மாதிரி மாதிரிதான். பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டில் 2014இலேயே தனிச் சட்டம் வந்தது. கல்லூரிப் பெண் தங்கும் விடுதிக்கு உள்ளதுபோல அவள் பாட்டி தங்கும் இடத்துக்கும் ஒன்று வேண்டும் என்பதுதான் கேட்பது.

கேட்கும்போது "பாதுகாப்பை மேம்படுத்துக" என்று மனு எழுதினால் அது கோப்பில் தூங்கும். எண்ணக்கூடியதைக் கேளுங்கள். படுக்கை நோயாளிகளின் எண்ணிக்கையோடு கட்டிய இரவுப் பணியாளர் எண்ணிக்கை. விழுந்தாலோ மருந்து மாறினாலோ ஆள் காணாமல் போனாலோ 24 மணி நேரத்துக்குள் குடும்பத்துக்கு எழுத்தில் தகவல். முன்னறிவிப்பில்லாத ஆய்வு, அதில் ஒன்றாவது ராத்திரியில். ஆய்வு அறிக்கை வாசலில் ஒட்டப்பட வேண்டும். குடியிருப்பவர் சம்மதித்தால் அறைக்குள் கேமரா வைக்கும் உரிமை. கடைசியாகச் சொன்னது டெக்சாஸ் நர்சிங் ஹோம்களில் 2001இலிருந்தே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் ஒரே மனுவை முப்பது குடும்பம் கையெழுத்திட்டுக் கொடுப்பது, முப்பது பேர் தனித்தனியாக மெயில் அனுப்புவதைவிட மேல். தீயணைப்புத் துறைத் தடையில்லாச் சான்று, லிஃப்ட் உரிமம் ஆகியவற்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், குறை நடந்த இரண்டு ஆண்டுக்குள்.

அதுவரை கையில் இருக்கும் முக்கியமான பிடி ஒப்பந்தம்தான். இங்கே அது 22 பக்கம். டெபாசிட் திருப்புவது "அறைக்கு அடுத்தவர் வந்த பிறகு" என்று இருக்கிறது. அதை "அடுத்தவர் வந்ததும் அல்லது 90 நாளுக்குள், எது முந்தியதோ அது" என்று திருத்தச் சொன்னால் திருத்துகிறார்கள். சேவைக் கட்டணம் ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஏறலாம் என்பதற்கு வரம்பு இல்லை, கேட்டால் எழுதுகிறார்கள். கயிற்று முடிச்சுகளைச் சுட்டிக்காட்டிய அன்றே அவிழ்த்தார்கள். பாத்ரூம் கதவுகளை மாற்ற ஒத்துக்கொண்டு, முதலில் தரைத்தளத்தில் என்று தேதியும் கொடுத்தார்கள். ஜெனரேட்டர் லைனில் அறைக்கு ஒரு பிளக் இழுப்பதற்கு எலக்ட்ரீஷியனை வைத்து மதிப்பீடு போடுகிறார்கள். அசையாதது ஒன்றுதான். 14ஆம் பக்கத்தில் "இரவுப் பணியாளர்கள் தேவைக்கேற்ப நியமிக்கப்படுவர்" என்று இருக்கிறது. அந்த "தேவைக்கேற்ப" என்ற வார்த்தையை அடித்துவிட்டு அங்கே ஒரு எண்ணை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுத் தருகிற அன்றைக்கு முன்பணம் கொடுங்கள்.